ஒரே ஃபியூஸ்

அவளுடைய விசிறி சுழலத் தொடங்கினால்
என் அறை விளக்குகள் ஒருமுறை சுருங்கி விரியும்.
மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை சுருங்கியவை விரியவேயில்லை.
பதினெட்டாயிரம் சுற்று ஓடியிருந்த கணக்கு
பாதி இறக்கையில் செத்துப்போனது.

மாடி இறங்கிச் சண்டைக்குப் போனேன்.
ஜெசிந்தா காதடைப்பானைக் கழற்றாமலே
"காத்து வேணும்னா கரண்டும் வேணும்" என்றாள்.
பாக்கார் மின்பெட்டியைத் திறந்து காட்டினார்:
அவளுக்கும் எனக்கும் ஒரே ஃபியூஸ்.

அன்றிலிருந்து பகல் அவளுக்கு, இரவு எனக்கு.
அவள் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலம் தாண்டி வருகிறவள்.
நிபோங் திபாலில், செம்பனைத் தோப்பை ஒட்டிய கூடத்தில்
ஒரே இறக்கை தினம் இருமுறை பறந்தது,
பகலில் ஒரு முழ அலுமினியமாக,
இரவில் நாற்பது லட்சம் கட்டங்களாக.

கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல்,
வடக்கே வாடை, தெற்கே தென்றல், மேற்கே கோடை.
குழாய்க்குள் ஓடும் காற்றுக்குத் திசை உண்டு, பெயர் கிடையாது.
பாக்கார் மட்டும் அதை 'சி கெமுக்' என்பார், குண்டன்;
அத்தனை ஈரம் அதில்.
மத்தியானம் முப்பத்து நான்கு டிகிரி.
என் காற்றோ எப்போதும் பதினைந்து டிகிரி,
உலர்ந்தது, வியர்வை அறியாதது,
இந்த ஊரில் ஒருநாளும் வீசாதது.

காலை ஏழு மணிக்கு வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுப் போவேன்:
பதினான்கு பாகையில் தூக்குவிசை சரியும்.
மாலை வந்தால் அதன் கீழே அவள் கையெழுத்து:
பன்னிரண்டு.
பதினான்கு.
பன்னிரண்டு.
இரண்டு பாகை வித்தியாசத்தில் ஒரு விமானம் விழலாம்,
இரண்டு பேர் இரண்டு வாரம் பேசாமலும் இருக்கலாம்.
இருந்தோம்.

பிறகு ஒரு மாலை பலகையில் எண் இல்லை,
ஒரு படம் ஒட்டியிருந்தது.
இறக்கை முழுக்கச் சிவப்பு நூல் துணுக்குகள்,
எல்லாம் பின்னோக்கிப் படுத்திருக்க
உடலோடு சேரும் மூலையில் ஏழெட்டு மட்டும்
எதிர்ப்பக்கம் எழுந்து நின்றன,
ஊர்வலத்தில் எதையோ கண்டு திரும்பியவர்கள் போல.

அந்த மூலை என் திரையில் நீலம், அமைதி.
அமைதி இல்லை, சிக்கனம்.
நேரம் மிச்சம் பிடிக்க அங்கே கட்டங்களைப் பெரிதாக்கியிருந்தேன்.
பெரிய கண்ணி வலையில் நெத்திலி எப்படித் தங்கும்?

நெருக்கிப் பின்னினேன்.
அவள் குழாயின் நான்கு சுவரையும்
மாதிரியைத் தாங்கும் கம்பியையும்
என் கணக்குக்குள் எழுப்பினேன்,
முப்பத்து நான்கு டிகிரியையும் போட்டேன்.
பதின்மூன்றுக்கு இறங்கியது.

ஆனால் அவள் தராசு இடப்பக்கம் சாய்ந்தது,
என்னுடையது சாயவில்லை.
துண்டுத்தாளில் எழுதி ஒட்டினேன்:
"இடது நுனியைத் தடவிப் பார்."
நகத்தில் தட்டியதாம்.
திருகை மூடிய களிமண் சூட்டில் உப்பி,
கடுகளவுகூட இல்லை.
தேய்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பன்னிரண்டரை.

மிச்சம் அரைப் பாகை.
அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

டாக்டர் ஊய் "ஒரு எண் கொடுங்கள்" என்றார்.
ஜெசிந்தா பென்சிலைச் சாய்த்துப் பிடித்து
விரல் தடிமனில் ஒரு கோடு இழுத்தாள்.
அவள் புள்ளிகள் ஒன்பதும் அதற்குள்,
என் வளைவும் அதற்குள்.
அவள் குழாய்க்கு எட்டாத வேகங்களில்
என் வளைவு தனியே போகிறது,
அங்கே கோடு இன்னும் தடிக்கிறது.
"இது எண் இல்லையே" என்றார்.
"இல்லை" என்றோம்.

அடுத்த மாதம் புது லைன் இழுக்க ஆள் வருமாம்.
பாக்கார் சொன்னார், அவரே நம்பவில்லை.

இன்று மாலை அவள் விசிறியை அணைத்து
காதடைப்பானை என் மேசையில் மறந்துவிட்டுப் போனாள்.
விசிறி நின்ற பிறகும் குழாய்க்குள்
காற்று கொஞ்ச நேரம் ஓடும்.
அது ஓயும்வரை நின்று கேட்டுவிட்டு
என் கணக்கைத் தொடங்கினேன்.